எல்லோர்க்கும் மருந்து – பேராசிரியர் சேனக பிபிலேயின் வாழ்வும் பணியும்

நோயுற்றார்க்கு மருந்தளித்தல் நால்வகைத் தானங்களுள் ஒன்று என்பதை நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர். ஆயின் மருந்தின் விலை மக்களின் வருவாய்க்கு எட்டாத உயரத்தில் நிற்குமானால், கொடுப்போரின் கையும் சுருங்கும். கொள்வோரின் நோயும் வளரும். ஒருவருக்கு ஒரு வேளை மருந்து வாங்கித் தருவது நற்செயலே. ஒரு நாட்டு மக்கள் அனைவருக்கும் மருந்து எட்டும்படி அதன் விலையையே இறக்கிக் காட்டுவது அதனினும் பெரிய செயல். அத்தகைய செயலைச் செய்ய முனைந்து, ஓரளவு செய்தும் காட்டி, பணியின் நடுவே அயல்நாட்டில் உயிர் நீத்த ஒருவரின் வரலாற்றை நாம் இவ்விதழில் காண்போம். அவர் இலங்கையைச் சேர்ந்த பேராசிரியர் சேனக பிபிலே.

பிறப்பும் கல்வியும்

இலங்கையின் ஊவாப் பகுதியில் உள்ள பிபிலை என்னும் ஊரில் 1920ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 13ஆம் நாள் சேனக பிபிலே பிறந்தார். தந்தையார் வெல்லச பகுதியின் ரட்டே மகாத்மயாவாக விளங்கினார். கண்டி அரசர் காலத்திலிருந்து ஆங்கிலேயர் ஆட்சி வரை தொடர்ந்து வந்த பெருமைமிக்க பதவி அது. நிலமும் செல்வாக்கும் உடைய குடும்பத்தில் பிறந்த பிபிலே, கண்டியிலுள்ள திரித்துவக் கல்லூரியில் பயின்றார். பின்னர்க் கொழும்பில் மருத்துவம் கற்று, 1945ஆம் ஆண்டில் முதல் வகுப்பில் தேறினார். மருத்துவத்திலும் அறுவை மருத்துவத்திலும் தங்கப் பதக்கங்கள் அவருக்குக் கிடைத்தன.

இவ்வளவு தகுதியுடன் வெளிவந்த இளைஞர் ஒருவர் தனி மருத்துவமனை வைத்துப் பெரும்பொருள் ஈட்டியிருத்தல் எளிது. பிபிலே அவ்வழியை நாடவில்லை. மருந்தியலைத் தம் துறையாகத் தேர்ந்தார். எந்த மருந்து உடலில் எவ்வாறு வேலை செய்கிறது, எவ்வளவு கொடுத்தால் நலம், எவ்வளவு கொடுத்தால் நஞ்சு என்று ஆராயும் துறை அது. ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து 1952ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார். 1958ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் பேராசிரியரானார். பேராதனையில் புதிதாகத் தோன்றிய மருத்துவப் பீடத்தின் தலைவராக 1967ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் பணியாற்றினார். அரசியலில் அவர் லங்கா சமசமாஜக் கட்சியைச் சார்ந்தவர். பிறப்பால் வந்த உயர்வைப் பொருட்படுத்தாமல், எளிய மக்களின் பக்கம் நிற்பதே தம் கடன் என்று கருதியவர்.

ஆசிரியரின் கண்ணில் பட்ட குறை

மருந்தியல் ஆசிரியர் என்ற நிலையில் அவர் ஒன்றைத் தெளிவாகக் கண்டார். கல்லூரியில் மாணவர்கள் மருந்தை அதன் பொதுப்பெயரால் கற்கிறார்கள். பட்டம் பெற்று வெளியே சென்றதும் அதே மருந்தை வணிகப்பெயரால் எழுதுகிறார்கள். மருந்தைப் பற்றிய புதிய செய்திகள் அவர்களுக்கு வருவது பெரும்பாலும் மருந்துக் குழுமங்களின் விற்பனைப் பிரதிநிதிகள் வாயிலாகவே. விற்பவரே ஆசிரியராக அமையும்போது, பாடம் நடுநிலையாக இருப்பது அரிது அல்லவா?

இங்கே பொதுப்பெயர், வணிகப்பெயர் என்னும் இரண்டையும் சிறிது விளக்குதல் நலம். நோயைத் தீர்க்கும் மருந்துப்பொருள் ஒவ்வொன்றுக்கும் உலகம் முழுவதும் வழங்கும் ஒரு பெயர் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1950களிலிருந்து இப்பெயர்களைத் தேர்ந்து வெளியிட்டு வருகிறது. இதுவே பொதுப்பெயர், ஆங்கில வழக்கில் ஜெனரிக் பெயர் என்பர். அப்பொருளை ஒரு குழுமம் தன் மாத்திரைக்கெனச் சூட்டிப் பதிவு செய்துகொள்ளும் பெயர் வணிகப்பெயர். சான்றாக, டயஸெபாம் என்பது பொதுப்பெயர். வாலியம் என்பது ரோஷ் குழுமம் அதற்கு இட்ட வணிகப்பெயர். பாரசிட்டமால் என்னும் ஒரே மருந்துக்கு எத்தனை வணிகப்பெயர்கள் உள்ளன என்பதை நம் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து பார்த்தாலே அறியலாம்.

புதிய மருந்தைக் கண்டுபிடிக்கும் குழுமம் பல்லாண்டு ஆய்வுக்கும் சோதனைக்கும் பெரும்பொருள் செலவிடுகிறது. அதற்கு ஈடாகக் குறிப்பிட்ட காலம் வரை காப்புரிமை பெறுகிறது. அக்காலத்தில் வேறு எவரும் அதைச் செய்து விற்க இயலாது. இதில் ஒரு நியாயம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் காப்புரிமை முடிந்த பின்னும், பலரும் அதே மருந்தைச் செய்யத் தொடங்கிய பின்னும், பழகிய பெயர் ஒன்றன் பலத்தால் மட்டும் பன்மடங்கு விலை நீடிக்குமானால் அதற்கு நியாயம் யாது? பிபிலே எழுப்பிய வினா இதுவே.

அரசு மருத்துவமனைகளுக்கெனத் தேர்ந்த மருந்துகளின் கையேடு ஒன்றை உருவாக்கும் குழுவில் அவர் முன்னின்று உழைத்தார். பொதுப்பெயரால் மருந்துகளை வரிசைப்படுத்தி, பயனும் அளவும் தீங்கும் கூறிய அக்கையேடு, மருத்துவமனைகளில் பொதுப்பெயர் வழக்கம் வேரூன்றத் துணை செய்தது. பின்னாளில் அவர் எழுப்பிய கட்டடத்துக்கு இதுவே அடிக்கல்.

1971ஆம் ஆண்டு அறிக்கை

1970ஆம் ஆண்டுத் தேர்தலில் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்க தலைமையிலான ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. அப்போது இலங்கை அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் வருந்திக்கொண்டிருந்தது. மருந்து இறக்குமதிக்குச் செலவாகும் தொகையோ சிறிதன்று. பிபிலேயும், மருத்துவரும் பொதுவுடைமைக் கட்சித் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் இணைந்து நாட்டின் மருந்து நிலையை ஆராய்ந்து 1971ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தனர்.

அவ்வறிக்கையின் சாரம் எளிமையானது. நாட்டுக்குத் தேவையான மருந்துகள் எவை என்பதை மருத்துவ அறிவே முடிவு செய்தல் வேண்டும். அம்மருந்துகளைப் பொதுப்பெயரால் உலகச் சந்தையில் ஒரே கையால் வாங்குதல் வேண்டும். உள்நாட்டில் மாத்திரை செய்வோருக்கு வேண்டிய மூலப்பொருளையும் அவ்வாறே வாங்கித் தருதல் வேண்டும். மருந்தின் தரத்தைச் சோதித்தல் வேண்டும். மருத்துவர்களுக்கு நடுநிலையான செய்தி தருதல் வேண்டும். இவற்றைச் செய்வதற்கென 1971ஆம் ஆண்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவர் பொறுப்பை அரசு பிபிலேயிடமே ஒப்படைத்தது.

செய்து காட்டிய வகை

பிபிலே ஒரே நாளில் எல்லாவற்றையும் புரட்டிப் போடவில்லை. படிப்படியாகவே சென்றார். முதற்கண் தனியார் துறையில் புழங்கிய மருந்துகளின் எண்ணிக்கையைக் குறைத்தார். ஏறத்தாழ 2,100 மருந்து வகைகள் இறக்குமதியாகிக்கொண்டிருந்தன. அவற்றுள் பல, ஒரே மருந்தின் வெவ்வேறு பெயர்கள். வேறு சில, தேவையற்ற கலவைகள். வல்லுநர் குழு ஆராய்ந்து அவற்றை ஏறத்தாழ 600 ஆகச் சுருக்கியது. நோயாளிக்கு இதனால் இழப்பு ஒன்றுமில்லை. வாங்குவோருக்கோ பெரும் பயன். நூறு பெயர்களில் சிதறிக் கிடந்த தேவை ஒரு பெயரின் கீழ்த் திரண்டால், மொத்தமாகக் கேட்டுப் பேரம் பேசலாம் அன்றோ?

1972ஆம் ஆண்டில் 52 மருந்துகளை உலகளாவிய விலைப்புள்ளி கோரி வாங்கும் முறை தொடங்கியது. பின்னர் மருந்து இறக்குமதி முழுவதும் படிப்படியாகக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. மருந்தின் பொதுப்பெயரும் தர அளவும் குறிப்பிட்டு, எந்த நாட்டாரும் விலை கூறலாம் என்று அறிவிக்கப்பட்டது. வந்த விலைகளைக் கண்ட பின்னரே, அதுவரை கொடுத்து வந்தது எவ்வளவு மிகை என்பது விளங்கிற்று.

மூலப்பொருள் வகையில் வேறுபாடு வியப்பூட்டுவது. நீரிழிவு நோய்க்குரிய டோல்பூட்டமைடு என்னும் பொருள் பழைய வழியில் கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 40 டாலர். போலந்து நாட்டிலிருந்து வாங்கியபோது ஏறத்தாழ இரண்டரை டாலர். அதே நோய்க்குரிய குளோர்புரோபமைடு 120 டாலருக்கு மேல் விலை போனது. யூகோஸ்லாவியாவின் பிளிவா நிறுவனத்திடம் 10 டாலருக்குள் கிடைத்தது. டெட்ராசைக்ளின் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்தது. இவ்விவரங்களைப் பின்னர்ப் பிபிலேயும் பொருளியல் அறிஞர் சஞ்சய லாலும் இணைந்து எழுதிய ஆய்வுக் கட்டுரை உலகுக்கு எடுத்துக் கூறியது.

இவ்வளவு வேறுபாடு எவ்வாறு வந்தது என்று நாம் வியக்கலாம். வெளிநாட்டுக் குழுமம் ஒன்று இலங்கையில் உள்ள தன் கிளைக்கு மூலப்பொருளைத் தானே விற்கிறது. விற்பவரும் அவரே, வாங்குபவரும் அவரே. ஆகவே விலையை அவர் விரும்பியவாறு எழுதிக்கொள்ளலாம். கிளையின் கணக்கில் ஆதாயம் சிறிதாகத் தோன்றும். உண்மையான ஆதாயமோ மூலப்பொருளின் விலையாகவே நாட்டைவிட்டு வெளியேறிவிடும். மூலப்பொருளை நாடே வாங்கித் தரத் தொடங்கியதும் இந்த வழி அடைபட்டது.

எழுந்த எதிர்ப்பு

நன்மை பெரிதாயின் எதிர்ப்பும் பெரிதாகவே எழும். குழுமங்கள் எதிர்த்ததில் வியப்பில்லை. மருத்துவர்களிலும் ஒரு சாரார் எதிர்த்தனர். மலிவான மருந்து தரமற்றது; பழகிய பெயரே நம்பத்தக்கது; எதை எழுதுவது என்பது மருத்துவரின் உரிமை – இவை அவர்கள் கூறிய காரணங்கள். இவற்றை வெறும் தந்நலப் பேச்சு என்று தள்ளிவிடுதல் தகாது. தரத்தைப் பற்றிய ஐயம் உண்மையான ஐயமே. மருந்தில் தரம் தவறினால் உயிர் தவறும்.

பிபிலேயின் நிலைப்பாடு, தரத்தைப் பெயரால் அறிய இயலாது, சோதனையாலேயே அறிய இயலும் என்பது. பேர்பெற்ற குழுமத்தின் மருந்தையும் சோதிக்க வேண்டும். பெயர் அறியாதாரின் மருந்தையும் அவ்வாறே சோதிக்க வேண்டும். இரண்டும் தேறினால் விலை குறைந்ததை வாங்குவதே அறிவுடைமை. ஆயினும் சோதனைக் கூடங்களும் பயின்ற ஆட்களும் அன்றைய இலங்கையில் மிகுதியாக இல்லை. இம்முயற்சியின் வலுக்குறைந்த பகுதி அதுவே. எதிர்ப்போர் அடித்த இடமும் அதுவே.

1974ஆம் ஆண்டில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி, எதிர்ப்பின் கடுமையை உணர்த்தும். அவ்வாண்டு இலங்கையில் வாந்திபேதி நோய் பரவியது. அதற்கு வேண்டிய மருந்துகளுள் ஒன்று டெட்ராசைக்ளின். அமெரிக்கக் குழுமமான ஃபைசருக்கு இலங்கையில் அம்மருந்தைக் குளிகையாக்கும் ஆலை இருந்தது. ஜெர்மனியின் ஹெக்ஸ்ட் குழுமத்திடமிருந்து கூட்டுத்தாபனம் குறைந்த விலைக்கு வாங்கிய மூலப்பொருளைக் கொண்டு குளிகை செய்து தருமாறு ஃபைசரைக் கேட்டது. அக்குழுமம் அதற்கு இணங்கவில்லை. ஆலை இருந்தது, மூலப்பொருள் இருந்தது, நோயாளிகள் காத்திருந்தனர், மருந்து மட்டும் ஆகவில்லை. முடிவில் ஆக்கிய மருந்தை வெளிநாட்டிலிருந்து வானூர்தியில் மிகுந்த செலவில் தருவிக்க நேர்ந்தது. ஆலையை அரசுடைமையாக்கும் எண்ணம் எழுந்தபோது அமெரிக்கத் தூதர் தலையிட்டார், அரசு பின்வாங்கியது. மாத்திரை ஒன்றின் விலையைக் குறைக்கப் புகுந்த பேராசிரியர், உலக வல்லரசு ஒன்றன் வாசல் வரை தம் வழக்கு செல்லும் என்று தொடக்கத்தில் எண்ணியிருக்கமாட்டார்.

உலக மேடையில்

எனினும் சிறுநாடு ஒன்றின் இம்முயற்சி பிற நாடுகளின் கருத்தைக் கவர்ந்தது. 1976ஆம் ஆண்டு ஆகஸ்டில் கொழும்பில் கூடிய அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு, மருந்து ஆக்கத்திலும் கொள்முதலிலும் வளரும் நாடுகள் ஒத்துழைக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. ஐக்கிய நாடுகளின் வணிக வளர்ச்சி அமைப்பான அன்க்டாட் பிபிலேயின் பணியை நாடியது. இலங்கையில் செய்ததைப் பிற நாடுகளும் தத்தம் நிலைக்கேற்பச் செய்யுமாறு வழிகாட்டும் பொறுப்பை அவர் ஏற்றார்.

அப்பணியின் பொருட்டே தென் அமெரிக்காவில் உள்ள கயானா நாட்டுக்குச் சென்றார். அங்கே 1977ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 57. அவ்வாண்டு ஜூலைத் தேர்தலில் இலங்கையில் ஆட்சி மாறியிருந்தது. புதிய அரசு தாராளப் பொருளாதாரக் கொள்கையை மேற்கொண்டது. மருந்து இறக்குமதி மீண்டும் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. ஆறாண்டு உழைப்பு கலைவதை முழுவதும் காணாமலே அவர் மறைந்தார் என்று கூறலாம்.

மறைந்த பின்

ஆனால் விதைத்தது வீணாகவில்லை. அவர் மறைந்த அடுத்த திங்களிலேயே, 1977 அக்டோபரில், உலக சுகாதார நிறுவனம் இன்றியமையா மருந்துகளின் முதல் பட்டியலை வெளியிட்டது. ஏறத்தாழ இருநூறு மருந்துகளைப் பொதுப்பெயரால் வரிசைப்படுத்திய அப்பட்டியல், தேவையானவற்றைத் தேர்ந்து குறைத்தல் என்னும் நெறியை உலகப் பொதுநெறியாக்கிற்று. 1982ஆம் ஆண்டில் வங்கதேசம் தேவையற்ற மருந்துகளை நீக்கும் சட்டம் செய்தது. இலங்கையில் கூட்டுத்தாபனம் ஒழிந்துபோகவில்லை. ஒசுசல என்னும் அதன் மருந்துக் கடைகள் தொடர்ந்து இயங்கின. 1987ஆம் ஆண்டில் அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனமும் தோன்றியது. 2015ஆம் ஆண்டில், அவர் நெறியை நினைவிற்கொண்டு, தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபைச் சட்டம் நிறைவேறியது. அவர் மறைந்து 38 ஆண்டுகள் கழிந்த பின்னரே அவர் நாடு அவ்விடத்திற்கு மீண்டும் வந்து சேர்ந்தது.

நாம் அறிய வேண்டுவன

பிபிலே காலத்தில் எழுந்த தர ஐயத்துக்கு இன்று அறிவியல் தெளிவான அளவுகோல் ஒன்றை வகுத்துள்ளது. பொதுப்பெயர் மருந்தில் மூல மருந்தில் உள்ள அதே மருந்துப்பொருள், அதே அளவில், அதே வடிவில் இருத்தல் வேண்டும். நலமுற்றோர் சிலருக்கு இரண்டையும் கொடுத்து, இரத்தத்தில் சேரும் மருந்தின் அளவையும் சேரும் வேகத்தையும் ஒப்பிடுவர். இரண்டுக்கும் இடையிலான விகிதம், கணக்கியல் பிழைக்கு இடம் விட்ட பின்னும், 80 முதல் 125 விழுக்காட்டு எல்லைக்குள் அடங்கினாலே அது இணையான மருந்தாக ஏற்கப்படும். 125 என்பதைக் கண்டு, மருந்து கால் பங்கு கூடலாம் என்று அஞ்ச வேண்டியதில்லை. பிழைக்கு விட்ட இடமும் அந்த எல்லைக்குள் அடங்க வேண்டுமாதலால், உண்மை வேறுபாடு பெரும்பாலும் மிகச் சிறிதாகவே அமையும்.

நிறமும் உருவமும் சுவையும் வேறுபடலாம். மருந்துப்பொருளோடு சேர்க்கும் துணைப்பொருள்களும் வேறுபடலாம். நம் குடும்பத்தார் இதைக் கருதுதல் வேண்டும். குளிகைகளின் மேலுறை பெரும்பாலும் விலங்கின் எலும்பு, தோல் இவற்றிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனது. அதே மருந்து மாத்திரையாகவோ தாவர உறையிலோ கிடைக்குமா என்று மருத்துவரைக் கேட்டறியலாம். பொதுப்பெயர் தெரிந்தவர்க்கே இவ்வாறு தேடுதல் எளிது.

எச்சரிக்கையும் ஒன்று உண்டு. வலிப்பு நோய்க்குரிய ஃபெனிட்டாயின், இரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரின், தைராய்டுக் குறைக்குரிய லெவோதைராக்சின் போன்றவற்றில் அளவு சிறிது மாறினாலும் விளைவு மாறும். இவற்றை உண்போர் ஒரு தயாரிப்பிலிருந்து மற்றொன்றுக்குத் தாமாக மாறுதல் கூடாது. மருத்துவரிடம் கூறி, அவர் கண்காணிப்பில் மாறுதல் வேண்டும். எந்த மருந்தாயினும் பில்லோடு வாங்குதலும், பட்டையில் பொதுப்பெயர், அளவு, காலாவதி நாள் ஆகியவற்றைப் படித்தலும் நன்று.

நம் நாட்டில் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் பொதுப்பெயர் மருந்து ஆக்கத்துக்கு வழி திறந்தது. தமிழகத்தில் 1994ஆம் ஆண்டில் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்துகளைத் தேர்ந்த பட்டியலின்படி பொதுப்பெயரால் மொத்தமாக வாங்கும் முறையைக் கைக்கொண்டது. 2008ஆம் ஆண்டில் நடுவண் அரசின் மக்கள் மருந்தகங்களும், 2025ஆம் ஆண்டில் தமிழக அரசின் முதல்வர் மருந்தகங்களும் திறக்கப்பட்டன. நாள்தோறும் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்துண்ணும் முதியோர் உள்ள இல்லங்களில் இவ்வேறுபாடு மாதச் செலவையே மாற்றவல்லது.

செல்வக் குடியில் பிறந்தும் செல்வத்தை நாடாது, கற்ற கல்வியை எளியோர்க்கு ஆக்கியவர் பிபிலே. தாம் வாழ்ந்த காலத்தில் அவர் முழு வெற்றி காணவில்லை. ஆயினும் இன்று உலகின் எம்மூலையிலாயினும் ஓர் ஏழை, பொதுப்பெயர் மருந்தைக் குறைந்த விலைக்கு வாங்கி நலம் பெறுவானாயின், அதில் அவர் உழைப்பின் ஒரு துளியும் கலந்திருக்கிறது. அடுத்த முறை மருத்துவர் எழுதித் தரும் சீட்டைக் கையில் வாங்கும்போது, அம்மருந்தின் பொதுப்பெயர் யாது என்று நாம் பணிவோடு கேட்போம். அச்சான்றோர்க்கு நாம் செய்யும் நன்றி அதுவேயாகும்.